அளவு ஜாக்கெட்

1

தங்கை வண்டியிலிருந்து விழுந்த செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கல்யாணச் செய்தி பத்திரிகை அடிக்கும் முன்பே வந்துவிடும். அடிபட்ட செய்தி கட்டுப் பிரித்த பிறகுதான் வரும். "உன்கிட்ட சொல்லி என்னப்பா ஆகப்போகுது, நீ அங்க தூங்காம கெடப்ப" என்பது அம்மாவின் நியாயம். அதில் தப்புச் சொல்ல முடியவில்லை.

கோமளாவுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு வயதில் வந்த போலியோ வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. அந்தக் காலில் காலிபர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு, கைத்தடி ஊன்றி நடப்பாள். ஸ்ரீரங்கத்தில் அம்மாவோடு இருக்கிறாள். வேலை, காவிரிக்கு அந்தப் பக்கம் தில்லைநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில். தினமும் பாலத்தைத் தாண்டிப் போய்வருவது மூணு சக்கர வண்டியில்.

மூணு சக்கர வண்டி என்பது ஊர் வைத்த பெயர். ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் சேர்த்திருப்பார்கள். உட்கார்ந்து எண்ணினால் நாலு வரும். யாரும் எண்ணுவதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இதற்கு 'இன்வாலிட் கேரியேஜ்' என்று இன்னொரு பெயர். உடம்புக்கு முடியாதவர் வண்டி என்று அர்த்தம். கோமளா வேண்டுமென்றே வேறு மாதிரி படிப்பாள். "செல்லாத வண்டின்னு போட்டிருக்காங்க சின்னண்ணே. செல்லாத வண்டிதான் பதினோரு வருஷமா செல்லுது."

அன்றைக்கு ஆபீஸ் முடிந்து திரும்பும்போது, பாலம் இறங்கி மாம்பழச்சாலைப் பக்கம் திரும்புகிற இடத்தில், காற்றில் பறந்த துப்பட்டா பக்கச் சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. சக்கரம் துப்பட்டாவை இழுத்தது, துப்பட்டா கழுத்தை இழுத்தது. வண்டி சாயாமல் அப்படியே நிற்க, இவள் மட்டும் ரோட்டில். முழங்கையில் தோல் இல்லை. மோவாயில் மூன்று தையல். ஓடிவந்து தூக்கியது அங்கே பூக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. "எந்திரி தாயி, இந்த ரோடு உன்னை மட்டுமா தள்ளுது? தினம் நாலு பேரைத் தள்ளுது. வெக்கப்படாம எந்திரி" என்றாராம். யார் என்ன சொன்னாலும் அந்த வாய்மொழி எனக்குள் ஒட்டிக்கொண்டுவிடும். இந்த 'வெக்கப்படாம' ஒட்டிக்கொண்டு பல நாள் ஆகிறது.

2

நான் இருப்பது டொராண்டோவுக்கு மேற்கே ஒரு ஊர். சரக்குக் கிடங்கில் பளு தூக்கும் வண்டி ஓட்டுகிறேன். வந்து பத்தொன்பது வருஷம். இங்கே காலையில் கிளம்புவதென்றால் இரும்பு வைத்த பூட்ஸ், ஒளிரும் மஞ்சள் மேலாடை, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. ஒன்று குறைந்தாலும் மேற்பார்வையாளர் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று படிவங்களுக்குப் புரியவைக்க முடியாததால், அந்த மேலாடையின் முதுகில் அப்பாவின் பெயர் இருக்கிறது. "ராமசாமி, உன் கையுறை எங்கே?" என்று முப்பது வயதுப் பையன் கத்துவான். அப்பாவைத் திட்டுகிற மாதிரியே இருக்கும். இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்லவே அலுப்பாகவும் இருக்கிறது.

அப்படி ஒரு நாள் கிளம்பிக்கொண்டிருந்தபோது பெரியண்ணன் கூப்பிட்டார். லால்குடியில் உரக்கடை வைத்திருக்கிறார். சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"டேய், அவ வண்டிய எடுத்துடலாம்னு இருக்கேன். ஆட்டோ பேசி விட்டுடலாம். நீ ஒரு வார்த்தை சொல்லு, கேட்டுக்குவா."

"அவகிட்ட கேட்டீங்களாண்ணே?"

"கேட்டா வேணாங்கறா. அதனாலதானே உன்னைக் கூப்பிட்டேன். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேன், சாவிய வாங்கிட்டுப் போயிடுவேன்."

அன்றைக்கே சாயங்காலம் கோமளாவின் குரல் பதிவு வந்தது. மோவாய்த் தையலால் வாயைச் சரியாகத் திறக்காமல் பேசியிருந்தாள். "சின்னண்ணே, பெரியண்ணன் உன்கிட்ட பேசியிருப்பாரே? ஆட்டோன்னா நான் அவன் வர்ற நேரத்துக்குக் கிளம்பணும், அவன் கொண்டு விடற எடத்துல இறங்கணும். வண்டி இருந்தா நான் நெனச்சப்ப சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவேன், நெனச்சப்ப அம்மாமண்டபத்துல நிறுத்தி ஆத்தப் பாப்பேன். நீ ஒரு வார்த்தை சொல்லு. உன் பேச்சுக்கு அவர் அடங்குவாரு."

இரண்டு பேருக்கும் வேண்டியது என்னுடைய ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இருப்பவன் பேச்சுக்கு வீட்டில் கூடுதல் எடை உண்டு. அவன் அறிவாளி என்பதால் இல்லை. அவனோடு தினசரி முகம் பார்த்துச் சண்டை போட வேண்டியதில்லை, அதனால். அந்த எடையைத் தூக்கி யார் பக்கம் வைப்பது என்று தெரியாமல், இரண்டு பேருக்கும் "பாக்கலாம்" என்றேன்.

பிறகு எல்லாப் புலம்பெயர்ந்தவர்களும் செய்வதைச் செய்தேன். பொருள் வாங்கக் கிளம்பினேன்.

3

எங்கள் தெருவில் கேரி என்று ஒரு ஓய்வுபெற்ற மனிதர். கோடை வந்துவிட்டால் ஒரு பெரிய மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை வெளியே எடுப்பார். அதில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் தோள், முழங்கை, முதுகு என்று இடத்துக்கு இடம் தடுப்பு வைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் போவார். தங்கை கதையைச் சொன்னேன். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மூணு சக்கரம்னா விழாதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. சரிதான், வண்டி விழாது. ரெண்டு சக்கர வண்டி திருப்பத்துல ஆளோட சேர்ந்து சாயும். இது சாயாது. அதனால ஆளை மட்டும் வெளியே எறியும்."

அவரே என்னை ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். ஒரு சுவர் நிறையச் சட்டைகள். தோலில் செய்தது கனம். திருச்சி வெயிலில் அதைப் போட்டால் விபத்துக்கு முன்பே ஆள் போய்விடும். வலைத்துணியில் செய்தது காற்றுப் புகும். உள்ளே தோளுக்கும் முழங்கைக்கும் முதுகுக்கும் தனித்தனிப் பையில் தடுப்புப் பட்டைகள் சொருகியிருக்கும். வெளிர்நிறம் வெயிலை அவ்வளவு வாங்காது. விழுகிறவர்கள் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள், அதனால் உள்ளங்கையில் தடித்த கையுறை. இதெல்லாம் கேரி பாடம் நடத்த நடத்த நான் தலையாட்டினேன். பூட்ஸ் பக்கம் வந்தபோதுதான் தலை நின்றது. கோமளாவுக்கு இடது காலுக்கு ஆறாம் நம்பர், வலது காலுக்கு மூன்றாம் நம்பர். வலது காலில் காலிபர் வேறு. செருப்புக் கடையில் இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றில் ஒன்றைப் பரணில் போடுவாள். கடைப் பெண்ணிடம் சொன்னேன். "ஜோடியாகத்தான் வரும்" என்றாள். பாவம், அவள் வேறென்ன சொல்வாள். பூட்ஸை விட்டுவிட்டோம்.

அளவு வேண்டுமே. வீட்டு வாட்ஸாப்பில் எழுதினேன்: 'கோமளாவோட ஜாக்கெட் அளவு அனுப்புங்க.'

அம்மா மறுநாளே ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். என் மகள் நிலா கல்லூரியில் இரண்டாம் வருஷம். எண்களைப் படித்துக் கடையின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுகிற வேலையை அவளிடம் கொடுத்தேன். தமிழ் பேசினால் புரியும், படிக்கத் திணறுவாள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, அத்தையோட கை நீளம் அஞ்சு இஞ்ச்தானா?"

"மணிக்கட்டுச் சுத்தளவா இருக்கும்மா."

"உயரம் பதினாலுன்னு போட்டிருக்கு."

"அது தோள் அகலம்."

"கழுத்து முன்னாடி ஆறு, பின்னாடி எட்டு. கழுத்துக்கு எதுக்குப்பா ரெண்டு அளவு?"

"ஹெல்மெட்டுக்குச் சேர்த்து எழுதியிருப்பா பாட்டி. நீ உடம்புச் சுத்தளவ மட்டும் பாரு."

அவ்வளவு திடமாகச் சொன்னேன். தமிழ் தெரியாத பிள்ளைக்குத் தமிழ் தெரிந்த அப்பன் விளக்கம் சொல்கிற தோரணை. அம்மா எழுதிய மார்புச் சுற்றளவுக்குச் சிறிய அளவுதான் பொருந்தியது. வாங்கிக் கட்டி அனுப்பிவிட்டேன்.

இந்நேரம் படிக்கிற பெண்கள் எல்லோரும் சிரித்திருப்பீர்கள்.

4

பார்சல் போவது தனிக் கதை. அனுப்புகிற படிவத்தில் பெறுபவருக்கும் குடும்பப் பெயர் கட்டாயம். கோமளா ராமசாமி என்று எழுதினேன். ஆதாரில் அவள் ரா. கோமளா. அங்கே சுங்கத்தில் போய், இந்த ராமசாமி யார் என்ற கேள்வியில் பார்சல் நின்றுவிட்டது. கோமளா இரண்டு தடவை அடையாள அட்டையைப் பதிவேற்றினாள். பிறகு உள்ளே இருப்பது என்ன பொருள் என்று கேட்டு ஒரு கடிதம். நான் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு உடை என்று எழுதியிருந்தேன். வண்டியின் விவரம் கேட்டார்கள். இன்வாலிட் கேரியேஜ் என்றாள் இவள். அப்படியானால் மருத்துவச் சாதனமா என்று அடுத்த கேள்வி.

"ஆமான்னு சொன்னா டாக்டர் சீட்டு கேப்பாங்க, இல்லன்னு சொன்னா முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க" என்று கோமளா போனில் சிரித்தாள். "ஒரு சட்டைய உடம்புல ஏத்தறதுக்குள்ள நாலு தடவை விழுந்து எந்திரிச்சிடலாம் சின்னண்ணே."

சிரித்து முடித்ததும் கேட்டாள். "பெரியண்ணன்கிட்ட பேசினியா?"

"பார்சல் வரட்டும். அதப் போட்டுக் காட்டினா அவரே அடங்கிடுவாரு."

"ம்" என்றாள். அந்த 'ம்'மை இவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்க முடிந்தது.

5

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் பார்சல் வீட்டுக்கு வந்தது. வீடியோவில் கூப்பிட்டாள். போட்டுக்கொண்டுதான் கூப்பிட்டிருந்தாள். போட்டுக்கொண்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. கைத்தடி ஊன்றி ஊன்றிக் கோமளாவின் தோளும் கையும் ஒரு மல்யுத்தக்காரியினுடையவை. கை பாதியில் மாட்டி நின்றது. முன்பக்க ஜிப்பின் இரண்டு ஓரமும் சந்திக்கவே வழியில்லை. பின்னால் அம்மாவின் குரல்: "நான் சரியாத்தான் அளந்தேன். அளவு ஜாக்கெட்ட எடுத்துவச்சு டேப்புலதான் அளந்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளவு ஜாக்கெட்! தையல் கடைக்குக் கொடுத்தனுப்புகிற பழைய ரவிக்கை. எங்கள் ஊரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை. அம்மா வாய்க்கு, அக்கம்பக்கத்து வாய்க்கு, என் வாய்க்கே அப்படித்தான் இருந்தது. பத்தொன்பது பனிக்காலம் அந்தச் சொல்லுக்குள்ளேயே கையை நுழைத்து நுழைத்து எடுத்ததில், உள்ளே இருந்த ரவிக்கை எனக்குத் தெரியாமலே போய், குளிர்ச்சட்டை வந்து உட்கார்ந்துவிட்டது. கை நீளம் ஐந்து, உயரம் பதினாலு, முன் கழுத்து, பின் கழுத்து. ஒவ்வொன்றுக்கும் நான் சொன்ன விளக்கத்தை நினைத்தபோது நிலாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பக்கத்தில்தான் இருந்தாள். "அப்போ அது ஹெல்மெட் இல்லையாப்பா?" என்றாள் மெதுவாக.

அதுவும் அந்த அளவு ஜாக்கெட் பதினைந்து வருஷத்துக்கு முந்தையது. ஒவ்வொரு தடவையும் அதையே கொடுத்து, "கொஞ்சம் லூசா" என்று சொல்லி அனுப்புவார்களாம். டைலர் பாய் ஆள் பார்த்து இஞ்சு சேர்த்துத் தைத்துவிடுவார்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மாகூடச் சிரித்தாள். முதலில் நிறுத்தியது கோமளா.

"சின்னண்ணே, நான் ஜாக்கெட்டா கேட்டேன்?"

"இல்லம்மா, அது..."

"ஒரு வார்த்தை கேட்டேன். அதுக்குத் தபால் செலவுகூடக் கெடையாது."

பாதி மாட்டிய கையை உருவ முடியாமல் இழுத்துக்கொண்டே சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா வந்து கையைப் பிடித்து உருவ, போன் மல்லாந்து விழுந்து விட்டத்தைக் காட்டியது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

6

மறுநாள் அவள் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு டைலர் பாய் கடைக்கே போனாள். பட்டைகளைப் பையிலிருந்து உருவி ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாளாம். "என்னம்மா இது, தோசக்கல்லு கணக்கா?" என்றாராம். பிறகு முதல் தடவையாக டேப்பை எடுத்து அவள் உடம்பில் வைத்தே அளந்திருக்கிறார். "இத்தனை வருஷமா அந்த அளவு ஜாக்கெட்டக் குடுத்து என்னையும் ஏமாத்துனீங்க, உங்களையும் ஏமாத்திக்கிட்டீங்க. இந்தத் தோளுக்குப் போலீஸ் சட்டையே தைக்கலாம்மா."

தடித்த காடாத் துணியில், முழுக்கை, முன்பக்கம் பட்டன், காற்றுக்கு அக்குளில் வலைத்துணி. தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் பை வைத்து என் பட்டைகளைச் சொருகித் தைத்துக் கொடுத்துவிட்டார். கீழே சுடிதாருக்குப் பதில் பேன்ட். துப்பட்டா இனிமேல் கிடையாது. மகள் அடிபட்டதைவிட அம்மாவுக்கு இதுதான் பெரிய அடி. "தெரு முழுக்கத் தெரிஞ்சவங்க. துப்பட்டா இல்லாம எப்படிடி போவ?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். என்னை விழவைத்தது அதுதானே என்று கோமளா கேட்டால், அது காத்து செஞ்ச வேலை என்று பதில். நான் கடல் தாண்டி வந்து, கடையில் சுவர் முழுக்கத் துழாவித் தேர்ந்தெடுத்த பாதுகாப்பைவிட, ஒரு துணியை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பியது பெரிய பாதுகாப்பு. அதைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்து வீதியில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து வளர்ந்தவன் நானும்.

ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் வந்துவிட்டார். அவர்களுக்குச் சாயங்காலம், எனக்குக் காலை. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்திருந்தார்கள்.

"என்னடி இது, மழைக்குக் கோணி போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றது பெரியண்ணன் குரல்.

"கோணிதான். உள்ள வெளிநாட்டுச் சரக்கு" என்றாள் கோமளா.

"விளையாட்டு இல்ல. டேய், நீ சொல்லு. என்ன பண்ணலாம்?"

இனிமேல் அனுப்புவதற்குப் பார்சல் எதுவும் இல்லை.

"அண்ணே, வண்டி அவளோடது. அவகிட்டயே இருக்கட்டும்."

அவர், கோபமில்லாமல், களைத்துப்போன குரலில் சொன்னார்: "சொல்லிடுவ. நீ அங்கேர்ந்து சொல்லிடுவ. ராத்திரி பகல்னு இல்லாம ஒண்ணு ஆச்சுன்னா லால்குடியிலேர்ந்து ஓடி வர்றது யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம்?"

"நான் ஓடிவர முடியாது. எனக்குத் தெரியும்."

பத்தொன்பது வருஷத்தில் இதை நான் அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. இந்த மாதிரி நேரத்தில் சினிமாவில் யாராவது அழுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா, "காபி ஆறுது" என்றாள். டம்ளர் சத்தம் கேட்டது. கோமளா மட்டும் பேசினாள்.

"பெரியண்ணே, நீங்க ஓடி வருவீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க வந்து சேர்றதுக்குள்ள யாரோ ஒருத்தர் தூக்கிடுவாங்க. அன்னிக்கும் அப்படித்தானே? நான் ரோட்டுல போறேன்ணே, காட்டுல இல்ல."

பெரியண்ணன் சாவியைக் கேட்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். இன்றுவரை இதைப் பற்றி அவர் என்னோடு பேசவில்லை. உரம், மழை, கரண்ட் கட் எல்லாம் பேசுகிறோம். என்மேல் வருத்தம் இருக்கிறது. இருக்கட்டும், அது அவருடைய பங்கு.

என் பங்குக்கு நான் ஒரு நிபந்தனை வைத்துப் பார்த்தேன். தினமும் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் கோமளா எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். எனக்கு அது காலை எட்டரை, கிடங்கில் டீ குடிக்கிற நேரம்.

"மாட்டேன்" என்றாள்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. வந்துட்டேன்னு."

"ஒரு நாள் மறந்துட்டா அம்மாவுக்குப் போன் பண்ணுவ. அம்மா பயந்து பெரியண்ணனுக்குப் போன் பண்ணுவாங்க. அவர் பஸ் ஏறிடுவாரு. நான் என்னமோ அம்மாமண்டபத்துல வண்டிய நிறுத்திட்டு ஆத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன். வேணாம். செய்தி வரலைன்னா நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்க."

"அது எப்படிம்மா?"

"நீ பழகிக்கணும் சின்னண்ணே. நாங்க உன் விஷயத்துல அப்படித்தானே பழகிக்கிட்டோம்."

எட்டரை மணிக்குப் போனை எடுத்துப் பார்க்கிற பழக்கத்தை இன்னும் விட முடியவில்லை. இன்றும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்திருக்க வேண்டும்.